அம்மனிடம் கேட்ட நாலு வார்த்தை

1957-ஆம் ஆண்டு பங்குனி மாதம், ஒரு திங்கட்கிழமை காலையில் என் வேலை போயிற்று. நான் திருடவில்லை. துணியைக் குறைத்து அளக்கவில்லை. என் மனதில் பட்டதை ஒரு தடவை வாய்விட்டுச் சொன்னேன். அதற்குத்தான்.

மலாய் நாட்டில் எங்கள் ஊரின் கடைத்தெரு ஜாலான் பெண்டஹாரா. அங்கே ஒரு ஜவுளிக்கடையில் துணி அளந்து கிழித்துக் கொடுப்பது என் வேலை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அங்கேதான் இருந்தேன். தமிழ்ப் பள்ளியில் ஆறாவதோடு என் படிப்பு நின்றது. கூச்ச சுபாவம் வேறு. “இது சாயம் போகுமா?” என்று யாராவது கேட்டால்கூடத் தலையைத்தான் ஆட்டுவேன். நான் பேசியதற்காக வேலை இழந்தேன் என்று சொன்னால், நான் குடியிருக்கும் காஜா பேராங்கில் என்னைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.

முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. கடை விடுமுறை. கோப்பிக்கடையில் உட்கார்ந்திருந்தோம். ரேடியோவில் வரப்போகும் சுதந்திரத்தைப் பற்றிச் செய்தி போனது. எங்கள் கடையின் தையற்காரர் காதர் நானா எதிரே இருந்தார். அவர் நாகூர்க்காரர், என்னைவிட மூத்தவர். குடும்பம் அங்கே, அவர் இங்கே.

“வெள்ளைக்காரன் போனா நமக்கென்ன, இருந்தா நமக்கென்ன? பொழைக்க வந்தோம். பொழைச்சிட்டுக் கப்பலேறிடணும். என்னடா ஊமைச்சாமி, நான் சொல்றது சரிதானே?”

எப்போதும் தலையை ஆட்டிவிடுவேன். அன்று ஆட்ட முடியவில்லை.

“இல்ல நானா. எம்புள்ளைங்க பொறந்தது இங்க. நான் பிரஜா உரிமைக்கு எழுதிக் குடுக்கத்தான் போறேன். இங்க சம்பாதிச்சு அங்க வீடு கட்டுறவங்களுக்கு இந்த நாடு சத்திரம். எங்களுக்கு இதான் வீடு.”

“அடேங்கப்பா! ஊமைச்சாமி பேசிட்டாருய்யா! எல்லாரும் கன்னத்துல போட்டுக்குங்க!”

எல்லாரும் சிரித்தார்கள். பிறகு நானா விடவில்லை. நான் சொன்னது சுத்தத் தப்பு என்று, கோப்பி ஆறும்வரை வாதாடினார். நானும் விடவில்லை. சண்டை ஒன்றும் இல்லை. சிரித்துக்கொண்டுதான் பிரிந்தோம்.

எங்கள் முதலாளி அந்த வருடம்தான் கடல் கடந்த தன் சொந்த ஊரில் வீடு கட்டி முடித்திருந்தார். யாரோ என் பேச்சைக் கண், காது, மூக்கு வைத்து அவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்கள்.

“என் உப்பைத் தின்னுட்டு என் வீட்டையே பேசுறியா? நான் என்ன இங்க சத்திரமா நடத்துறேன்? போடா வெளியே!”

அளவுகோலை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தேன். காதர் நானா தையல் மிஷினைவிட்டுத் தலை நிமிரவில்லை. அவரை நான் குறை சொல்லமாட்டேன். நாகூரில் அவருக்குக் கல்யாணத்துக்கு நிற்கும் பெண்கள் இருந்தார்கள்.

வேறு கடைகளில் கேட்டுப் பார்த்தேன். “உனக்கு வாய் நீளமாமே?” என்றார்கள். எனக்கா? இதை வீட்டில் சொன்னபோது என் மனைவி தனலெட்சுமி முதலில் சிரித்துவிட்டாள். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவள் அக்கம்பக்கத்து வீடுகளுக்குத் துணி துவைக்கப் போகத் தொடங்கினாள். பிள்ளைகளின் படிப்பை நிறுத்திவிட்டு, ஜாசினில் ரப்பர் தோட்டத்தில் இருக்கும் என் மைத்துனர் வீட்டோடு போய் ஒண்டிக்கொள்வதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை. எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலில் விழுந்து கும்பிட்டேன். “அம்மா, வேலையைத் திருப்பிக் கொடு. இனி எதைப் பற்றியும் வாயே திறக்கமாட்டேன்” என்று நேர்ந்துகொண்டேன். வீட்டுக்கு வந்து அதைத் தனலெட்சுமியிடம் சொன்னேன்.

“நல்லா நேந்துக்கிட்டீங்க போங்க! பாகற்காய் பிடிக்காதவன் பாகற்காயை விட்டுடுறேன்னு சாமிகிட்ட சொன்னானாம். பேசாம இருக்கிறது உங்களுக்குக் கஷ்டமா? கஷ்டப்பட்டுக் குடுத்தாத்தாங்க நேத்திக்கடன்.”

“அப்ப என்னதான் நேந்துக்கிறது?”

“பேசுறேன்னு நேந்துக்குங்க. முதலாளி காதுல விழுந்தது எவனோ சொன்னது. நீங்க சொன்னதை அவரு இன்னும் கேக்கவே இல்லையே.”

திரும்பவும் கோயிலுக்குப் போனேன். அங்கே கம்போங் செட்டியிலிருந்து வந்திருந்த ஒரு பெண், மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு, அம்மனிடம் மலாயில் முறையிட்டுக்கொண்டிருந்தாள். தலைமுறை தலைமுறையாக இங்கேயே தங்கிவிட்ட தமிழர்கள் அவர்கள். வீட்டிலும் மலாய்தான் பேச்சு. அம்மன் அதையும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். என்ன பாஷையானாலும் கேட்கிறவள், என் திக்கலையும் கேட்பாள் என்று அப்போது தோன்றியது. “அம்மா, முதல் நேர்த்தியை மறந்துவிடு. வேலை உன் இஷ்டம். எனக்கு நாலு வார்த்தை கொடு” என்று அழுதேன்.

மறுநாள் கடைக்குப் போனேன். கடையில் ஆட்கள் இருந்தார்கள். முதலாளி கல்லாவில் இருந்தார். கைகூப்பினேன்.

“முதலாளி, உங்க வீட்டை நான் குறைச்சுப் பேசல. உங்க வீடு அங்க இருக்கு, என் வீடு இங்க இருக்கு. அதைத்தான் சொன்னேன். இன்னிக்குக் கேட்டாலும் அதான் சொல்வேன். ஆனா இந்தக் கடைக்கு நான் ஒரு நாளும்...”

அதற்குமேல் குரல் வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

“முடிஞ்சுதா? கெளம்பு” என்றார் முதலாளி.

அப்போது தையல் மிஷின் சத்தம் நின்றது. காதர் நானா எழுந்தார்.

“முதலாளி, இவன் சொன்னது தப்பு. அன்னிக்கும் சொன்னேன், இன்னிக்கும் சொல்றேன். ஆனா கோப்பிக்கடையில பேசினதுக்கு ஜவுளிக்கடையில தண்டனையா? இவன் கையைத்தானே நீங்க சம்பளத்துக்கு எடுத்தீங்க? வாயையும் சேத்தா எடுத்தீங்க?”

“உன்னை யாரு கேட்டா? ஒனக்கும் வேலை வேணாமா?”

“வேணும். அஞ்சு பொம்பளப் புள்ளைங்களைப் பெத்தவன் வேணாம்னு சொல்வேனா? ஆனா நாளைக்கு நான் பேசுறது உங்களுக்குப் பிடிக்கலன்னா என்னையும்தானே அனுப்புவீங்க? அதுக்கு இன்னிக்கே இவன்கூடப் போயிடுறேன்.”

அந்த மிஷின் அவருடைய சொந்த மிஷின். குனிந்து அதைக் கழற்ற ஆரம்பித்தார். நோன்புப் பெருநாளுக்குத் தைக்கவேண்டிய பாஜு, அதாவது மலாய்க்காரர் சட்டைத் துணிகள் அவர் பக்கத்தில் மலைபோல் கிடந்தன.

முதலாளி அவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“வை அதை” என்றார். “கடைக்குள்ள அரசியல் கூடாது.”

“கடைக்குள்ள பேசமாட்டோம். வெளியில எங்க வாய் எங்களுது.”

முதலாளி கணக்கு நோட்டைப் பிரித்தார். என் முகத்தைப் பார்க்காமலே, “மல் துணிக் கட்டு வந்து பிரிக்காமக் கெடக்கு. பிரிச்சு அடுக்கு” என்றார்.

வேலை திரும்பக் கிடைத்தது எனக்கு அப்படித்தான். கட்டைப் பிரிக்கும்போது கண்ணீர் கண்ணை மறைத்தது. நான் கேட்டது என் ஒருவனுக்கு நாலு வார்த்தை. அது பாதியில் தீர்ந்ததும், மீதியை அம்மன் இன்னொருவர் வாயில் வைத்தாள். அதுவும் என்னோடு ஒத்துப்போகிறவர் வாயில் இல்லை. நான் சொன்னது தப்பு என்கிறவர் வாயில். இதை நினைக்கும்போதெல்லாம் உடம்பு சிலிர்க்கிறது. முதலாளியையும் நான் கும்பிடுகிறேன். ஆட்கள் பார்க்கக் கோபத்தை விழுங்குவது எல்லாருக்கும் வராது. அந்தப் பேச்சை அவர் பிறகு ஒரு நாளும் எடுத்ததில்லை.

ஆகஸ்டில் சுதந்திரம் வந்தது. பிரஜா உரிமைக்கு எழுதிக் கொடுக்கப் போனபோது காதர் நானாவும் துணைக்கு வந்தார். “கிறுக்கன் கூட வந்தேன் பாரு” என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னும் வாதாடுகிறோம். இப்போதெல்லாம் நான் தலையாட்டுவதில்லை.

இந்த வருடம் அவர் மூத்த மகளுக்கு மாப்பிள்ளை அமைந்துவிட்டது. ஊருக்குப் போய்விடப் போகிறார். திரும்பமாட்டேன் என்கிறார். எனக்கு அவர் இங்கேயே இருக்கவேண்டும் என்று ஆசை. ஆனாலும் போன வெள்ளிக்கிழமை அம்மன் முன்னால் நின்று, நாலு பேர் காதில் விழும்படி வாய்விட்டே கேட்டேன்: “அம்மா, நானாவுக்கு நல்ல கப்பலைக் கொடு. அவர் ஆசைப்பட்டபடி அவர் வீட்டில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடு.”

அம்மனை நம்பியிருக்கும் அன்பர்களே, வாய் அடைத்து நிற்கும் நாள் உங்களுக்கும் வரலாம். அன்று அவளிடம் போய் வார்த்தை கேளுங்கள். உங்களோடு ஒத்துப்போகாத ஒருவன் வாயடைத்து நிற்பதைப் பார்த்தால், அவனுக்காகவும் கேளுங்கள். அவள் கொடுப்பாள். கொடுத்ததை வாங்கியவன் சொல்கிறேன்.