ஜன்னல் சுவரின் மேல்பாதி

வலது தோள் வலிக்கிறது. இதைச் சொல்லும்போதும் வலிக்கிறது. பேய் என்றதும் சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். நான் சுவருக்கு பெயின்ட் அடிப்பவன். கையை நம்பிப் பிழைக்கிறவன் ஒரு பொய்க்காகத் தன் கையை முடக்கிக்கொள்வானா?

மாடியில் ஒரே ஓர் அறை. வீட்டுக்காரர் பரணிலிருந்து ஒரு டின்னை இறக்கிக் கொடுத்தார். ஏற்கெனவே திறந்து மூடிய டின். உள்ளே சுட்ட மண்சட்டி நிறம். வெயில் குடித்த செங்கல் மாதிரி ஒரு ஆரஞ்சு. சும்மா கிடக்கிறது, கட்டிலுக்குப் பின்சுவரில் இதை அடி, மற்ற மூன்றுக்கும் சுத்த வெள்ளை என்றார்.

இதன் பக்கத்தில் சுத்த வெள்ளை வைத்தால் ஆஸ்பத்திரிக்குள் அடுப்பு மூட்டின மாதிரி இருக்கும், சாம்பல் நிறம் வைக்கலாமே என்றேன்.

"உன்னை பெயின்ட் அடிக்கத்தான் கூப்பிட்டேன். யோசிக்க இல்ல."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. விழுங்கிக்கொண்டேன். பல நாள் கழித்துக் கிடைத்த வேலை. என்னை அனுப்பிய கான்ட்ராக்டரிடம் இவர் ஒரு வார்த்தை சொன்னால் அடுத்ததும் போச்சு.

ஆரஞ்சுச் சுவரை முடித்தேன். மற்றதில் வெள்ளை ஒரு கோட் ஏற்றிவிட்டுச் சாப்பிடப் போனேன். மத்தியானம் திரும்பி வந்தால்... ஜன்னல் சுவரின் ஈர வெள்ளையில், ஆரஞ்சு நிறத்தில் ஒரு கை.

சின்னக் கை. இடது கை.

வீட்டுக்காரர் பார்த்துவிட்டார். குடித்திருக்கிறாயா என்று கேட்டார். என் எதிரிலேயே கான்ட்ராக்டருக்கு போன் போட்டு என்னைத் திட்டினார். வீட்டில் எங்கள் இருவரைத் தவிர ஆளில்லை. அவர் கையோ முறம் மாதிரி.

அந்தக் கையை மறைத்துப் பூசினேன். பல்லைக் கடித்துக்கொண்டு அறையைப் பூட்டினேன். ரோலரைக் கழுவ அறைக்கு வெளியே இருந்த குழாய்க்குப் போனேன்.

பூட்டிய அறைக்குள்ளே ஒரு ரோலர் உருண்டது.

சர்ர்... சர்ர்...

என் ரோலர் என் கையில் இருந்தது.

கோபத்தில்தான் கதவைத் திறந்தேன். எவன் என் பிழைப்பில் மண்ணை அள்ளிப் போடுகிறான் என்று பார்க்கத்தான்.

ஒருவரும் இல்லை.

ஜன்னல் சுவர் மாறியிருந்தது. வெள்ளையில் ஒரு கரண்டி ஆரஞ்சைக் கலந்த மாதிரி, இளஞ்சூடான பாலாடை நிறம். பக்கத்துச் சுவரோடு கூடப்பிறந்தது போல ஒட்டி நின்றது. சாம்பல் என்று சொன்னதற்கு வெட்கப்பட்டேன்.

தோள் உயரம் வரைக்கும்தான் பூசியிருந்தது. அதற்கு மேல் எட்டவில்லை போல...

காதருகில் மூச்சு.

"நல்லாருக்கா?"

பெண் குரல். பலமுறை கேட்டும் பதில் கிடைக்காத கடுப்பு அதில்.

"நல்லாருக்கும்மா." "மேல நான் முடிச்சுத் தர்றேன்."

என் தோளில் ஒரு கை விழுந்தது.

ஏணியில் ஏறும்போது பக்கத்து ஆளை ஊன்றிக்கொள்வார்களே... அப்படி.

முழு எடையும்.

உதறிவிட்டு ஓடினேன். படியில் எதிரே வந்த வீட்டுக்காரர் என் சட்டைத் தோளையே பார்த்தார். பாலாடை நிறத்தில் ஐந்து விரல். அவர் முகம் வெளுத்தது.

பிறகு பெயின்ட் கடைக்காரரிடம் விசாரித்தேன். அந்த டின்னை வாங்கியது வீட்டுக்காரரின் மனைவியாம். வெள்ளையில் இதை ஒரு கரண்டி கலந்தால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும் என்று கடைக்காரர்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார். புருஷன் ஆள் வைக்க விடவில்லை. இடதுகைக்காரி, தானே பூசினாள். தோள் வரைக்கும் முடித்துவிட்டு ஏணியில் ஏறினாள். விழுந்தவள் எழுந்திருக்கவில்லை. அந்த வாரமே சுவரை வெள்ளையாக்கிவிட்டார் புருஷன்.

"ஏணியை யாருண்ணே புடிச்சிருந்தா?"

கடைக்காரர் டின் குலுக்கும் மெஷினைப் போட்டுவிட்டார்.

அந்த அறை பூட்டியே கிடக்கிறதாம். கான்ட்ராக்டர் என்னைக் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டாலும் தோளுக்கு மேல் எழும்பாத கையை வைத்துக்கொண்டு எதைப் பூச?

கொடுத்த வாக்கு அப்படியே நிற்கிறது. ஜன்னல் சுவரின் மேல்பாதி, அவளுக்கு நான் இன்னும் பாக்கி.