சோறு வேகாத வாரமும் மரியதாஸ் அண்ணனும்

அரிசி களைந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. கை ஈரமாக இருந்ததால் எடுக்கவில்லை. விடாமல் மறுபடி அடித்தது. எரிச்சலோடு கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தேன். மரியதாஸ் அண்ணனின் மகன் பேசினான்.

“ஆன்ட்டி, அப்பா பூட்டாரு. காத்தால நெஞ்சு வலிக்குதுன்னாரு. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ளயே…”

அவர் ஓய்வு பெற்று ஒரு வருடம்கூட ஆகவில்லை. அன்று காலை முழுக்க எந்த வேலையிலும் எனக்கு மனம் நிற்கவில்லை. உப்பு போட்டேனா இல்லையா என்று கூடச் சமைக்கும் முனியம்மாவைக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் எங்கள் தொழிற்சாலையின் பாய்லரைப் பார்த்துக்கொண்டவர் அவர். அதே தொழிற்சாலையின் கேன்டீன் என் பொறுப்பில் இருக்கிறது. எங்களுக்கு கேஸ் அடுப்பு கிடையாது, நீராவிதான். பாய்லரிலிருந்து ஒரு பழைய குழாய் சமையற்கட்டு வரைக்கும் வரும். இரட்டைச் சுவர் வைத்த பெரிய அண்டாக்கள் வரிசையாக நிற்கும். அந்தச் சுவர்களுக்கு நடுவே ஆவி புகுந்து சோற்றையும் குழம்பையும் வேகவைக்கும். ஆவி அனுப்புவது அவர், ஆக்கிப் போடுவது நாங்கள். அதனால் எங்களுக்குள் தினமும் சண்டைதான்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே அவரோடு மல்லுக்கு நின்றேன். காலையில் அண்டா சூடேற நேரம் ஆகிறது, நீங்கள் ஆவியைச் சரியாக அனுப்புவதில்லை என்று கத்தினேன். டீ டம்ளரைக் கையில் பிடித்தபடி அங்குமிங்கும் நடந்துகொண்டே பதில் சொன்னார். அவர் உட்கார்ந்து டீ குடித்து நான் பார்த்ததே இல்லை.

“ராவெல்லாம் குழா பூரா காத்து நெறைஞ்சி கெடக்குதும்மா. அது வெளிய போனாத்தான் ஆவி உள்ள வரும். பஸ்ஸுல எறங்குறவன் எறங்குனாத்தான ஏறுறவன் ஏற முடியும்? கொஞ்சம் பொறு.”

காற்று வெளியேறுவதற்காகவே ஒவ்வொரு அண்டாவுக்குப் பக்கத்திலும், குழாயின் கடைசியிலும் சின்னப் பித்தளைக் குமிழ்கள் உண்டு. ஏர் வென்ட் என்பார்கள். அதன் தலையில் பொடித் துளை ஒன்று இருக்கும். காற்று போகிற வரை உஸ் என்று சத்தம் வரும், ஆவி வந்ததும் தானாக மூடிக்கொள்ளும். காலையில் அந்தச் சத்தம் அடங்கினால்தான் நாங்கள் அரிசி போடுவோம்.

ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போய்ப் பூசை பார்க்கிற கிறிஸ்தவர் அவர். ஆனால் ஆயுத பூஜை வந்துவிட்டால் பாய்லரை வேறு யாரும் தொட முடியாது. சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து, பாய்லரில் தொடங்கி எங்கள் சமையற்கட்டின் கடைசி வென்ட் வரைக்கும் தன் கையாலேயே பொட்டு வைப்பார்.

“இன்னாண்ணா, பூசாரி வேலைக்கும் எழுதிப் போட்டுட்டியா?” என்று முனியம்மா சீண்டுவாள்.

“என் மெஷினு, நான் வெக்கிறேன். உனுக்கு இன்னா பேஜாரு?” என்பார். பிறகு குரலைத் தாழ்த்தி, “எங்க ஊட்ல மட்டும் சொல்லிடாதீங்க தாயே” என்பார்.

ஒரு வருடம் அந்தப் பூஜைக்கு அடுத்த நாள் சோற்று அண்டா சூடேற மறுத்தது. வரிசையில் கடைசி அண்டா அதுதான். மதியம் வரை கிண்டியும் அரிசி நறுக்கு நறுக்கென்றே இருந்தது. ஆட்கள் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார்கள். மறுநாளும் அதே கதை.

“பிரஷர் கரெக்டா கீது. உன் பொண்ணுங்கதான் தண்ணிய மொண்டு மொண்டு ஊத்துறாளுங்க” என்றார் அண்ணன்.

“சோறாக்க நீங்க எங்களுக்குச் சொல்லித் தர வேணாம்” என்றேன்.

எங்கள் சண்டை மேனேஜர் காதுக்குப் போனது. சமையல் ஆட்கள் சரியில்லை, திங்கட்கிழமையிலிருந்து வெளியே இருந்து சாப்பாடு எடுத்துக்கொள்ளலாம் என்று அவர் முடிவு செய்துவிட்டார். என்னோடு இருந்த பெண்கள் எல்லாரும் பொன்னேரி, ஆரணிப் பக்கம். நடவுக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள். அந்த நிலங்கள் மனையாகிவிட்டன, திரும்பிப் போக வயலும் இல்லை. அந்த வாரம் சமையற்கட்டில் யாரும் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

சனிக்கிழமை மதியம் அண்ணன் ஸ்பேனரோடு வந்தார். குழாயைத் தொட்டுக்கொண்டே நடந்தார். கடைசி அண்டாவுக்குக் கொஞ்சம் முன்னால் நின்று, மறுபடி தொட்டுப் பார்த்தார். அதற்கு அப்பால் வெறும் வெதுவெதுப்புதான். அங்கிருந்த வென்ட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். துளையில் மஞ்சளாக ஏதோ கல்போல இறுகியிருந்தது. நகத்தால் சுரண்டி முகர்ந்தார். குழாய்க் கடைசியில் இருந்ததையும் கழற்றினார். அதுவும் அப்படியே அடைத்துக் கிடந்தது.

“சந்தனம்” என்றார். “வருசா வருசம் வெச்சது சூட்டுல காஞ்சி எறுகிப் பூட்டிருக்குது. காத்து போவ வழியில்ல. என் கைதாம்மா தேவகி.”

எனக்கு வந்த கோபத்தில் அவரை அடித்திருப்பேன். ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் பயம்தான் வந்தது. சர்ச்சுக்குப் போகிறவர் வேண்டுமென்றே அடைத்துவிட்டார் என்று பேச அங்கே நாலு வாய் இருந்தது.

“சுத்தம் பண்ணி மாட்டிடுங்கண்ணா. பார்ட்டு பழசுன்னு சொல்லிக்கலாம்” என்றேன்.

“பழசுன்னா புதுசு வர்ற வரைக்கும் வெளிச் சாப்பாடுதான் வரும். அப்புறம் உங்கள எவன் திரும்பக் கூப்புடுவான்? பொண்ணுங்க மேல போட்ட பழி வேற அப்டியே நிக்கும்” என்றார்.

ஸ்பேனரைக்கூடக் கீழே வைக்காமல் மேனேஜர் அறைக்குப் போய், தப்பு தன்னுடையதுதான் என்று சொன்னார். அன்று மாலைக்குள் எல்லா வென்ட்டுகளையும் துடைத்தார். குழாயின் கடைசியில் இன்னும் பெரிதாக ஒன்றைப் பொருத்தி, யார் விரலும் படாதபடி அதற்குத் தகரத்தில் ஒரு கூண்டும் செய்து மாட்டினார். திங்கட்கிழமை சோறு எப்போதையும்விடச் சீக்கிரம் கொதித்தது. முனியம்மா கரண்டியைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். வெளிச் சாப்பாட்டுப் பேச்சு அத்தோடு நின்றது.

அண்ணனை மட்டும் பாய்லரிலிருந்து எடுத்து ஸ்டோருக்குப் போட்டார்கள். நட்டு போல்ட்டு எண்ணி வைக்கிற வேலை. இடைவேளையில் பாய்லர் அறை ஜன்னலுக்கு வந்து எட்டி எட்டிப் பார்ப்பார். எங்கள் யாரிடமும் அவர் ஒரு வார்த்தை குறைப்பட்டுக்கொண்டதில்லை. பல மாதங்கள் கழித்துத்தான் திரும்பக் கூப்பிட்டார்கள்.

நேற்று மதியச் சாப்பாடு போட்டு முடித்துவிட்டு, யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் எல்லாரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். அடக்கம் முடிந்ததும் அவர் மனைவி மேரி அக்கா என் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போனார்.

“தேவகி, மறைக்காம சொல்லு. அவர ஸ்டோருக்கு மாத்துனாங்களே, இன்னா திருடுனாரு?”

“திருடுனாரா? யாருக்கா அப்டிச் சொன்னது?” என்றேன்.

“கேக்கும்போதெல்லாம், தப்பு பண்ணிட்டேன் மேரின்னு தலைய குனிஞ்சிக்குவாரு. அதுக்கு மேல கேக்க எனக்கு பயம். இத்தினி வருசமா மனசுலயே வெச்சினு கீறேன்.”

பெண்களைக் கூப்பிட்டு அக்கா முன்னால் நிறுத்தினேன். “இவங்க வேலைக்காகத்தான்கா” என்று தொடங்கி, ஆயுத பூஜை, சந்தனம், மேனேஜர் அறை என்று ஒன்று விடாமல் சொன்னேன். அக்கா ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

“சந்தனம் வெச்சது எனக்குத் தெரியும் தேவகி. வருசா வருசம் சந்தனம் ஒட்டுன சட்டைய தொவச்சவ நான்தான். அத மறைக்கவா இந்த மனுசன் திருடன் கணக்கா நின்னாரு?”

கல்லறைப் பக்கம் திரும்பிப் போய் ஈர மண்ணில் அப்படியே உட்கார்ந்து, அதைத் தடவித் தடவி அழுதார். நாங்களும் அவரைச் சுற்றி உட்கார்ந்தோம்.

அண்ணா, அக்காவிடம் சொல்லிவிட்டோம். போய் வாருங்கள்.