மஞ்சள் புள்ளி

மடிக்கணினித் திரையில் ஒரு மஞ்சள் புள்ளி. சுற்றிலும் எள்ளைக் கொட்டியதுபோல் கறுப்புப் புள்ளிகள். அதை நினைக்காமல் எந்தத் திருவிழாக் கூட்டத்தையும் இன்றுவரை என்னால் பார்க்க முடிந்ததில்லை.

பெரம்பலூரிலிருந்து மூட்டைகளை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய், அரியலூர்ப் பக்கத்துத் தேர்த் திருவிழாவில் பொரிகடலைக் கடை போடுவது என் பிழைப்பு. ஜனம் கோயிலை விட்டு வெளியே வரும் சந்தின் முனைதான் என் இடம், நல்ல வியாபாரம். ஒரு வருடம் தேருக்கு முந்தின நாள், கம்ப்யூட்டர் மேடம் ஒருவர் வந்து சந்தின் அகலத்தை அளந்தார். எங்கே நெரிசல் வரும் என்று முன்கூட்டியே காட்டும் மென்பொருளைப் போலீசுக்காகச் செய்பவர். ஆட்களெல்லாம் புள்ளிகளாக நகரும் படத்தைக் காட்டி, "அண்ணே, கடைய மைதானத்துப் பக்கம் மாத்திக்க முடியுமா?" என்று கேட்டார். உத்தரவு போடவில்லை, கேட்டார். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். "பொம்மப் படத்தப் பாத்து எடத்த வுட்டா சோத்துக்கு எங்க மேடம் போறது?" என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. மடிக்கணினியைப் பொரி மூட்டைமேல் வைத்து, ஒரு புள்ளிக்கு மட்டும் மஞ்சள் பூசி, "இது நீங்கன்னு வெச்சுக்குங்க" என்றார். "நான் கடையிலதான இருப்பேன். எம் பொண்ணுன்னு வைங்க, அவதான் சாமி பாக்கப் போவா" என்றேன். ஏன் அப்படிச் சொல்லித் தொலைத்தேனோ. மஞ்சள் புள்ளி சந்துக்குள் வந்தது. என் கடையருகே மெதுவாகி நின்றது. பின்னால் வந்தவை நிற்கவில்லை. அந்த இடமே சிவந்தது. "செவப்புன்னா என்னங்க மேடம்?" "மூச்சு விட எடமில்லண்ணே" என்று சொல்லி மூடியைச் சாத்தினார். அப்போதே படுதாவை அவிழ்த்துவிட்டேன்.

அந்தத் தேரில் ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் வினையாகப் போயிற்று. மைதானத்தில் பாதிப் பொரி விற்காமல் நமுத்துப்போனது. வளையல் கடை போட்டிருந்த என் மச்சினன், "என்ன மாமா, புள்ளிக்குப் பயந்து கடையத் தூக்கிட்டீங்களாமே! கொசு மொய்ச்சா ஊரையே காலி பண்ணுவீங்க போல" என்று சிரித்தான். நடக்காமல் போனதை யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவது? மேடத்தை அதற்குப் பிறகு யாரும் கூப்பிடவில்லை.

இந்த வருடம் என் பழைய இடத்தில் கரும்புச்சாறு வண்டி நின்றது. எதிரிலேயே மச்சினன் கடை. வண்டிக்காரரிடம் சொல்லிப் பார்த்தேன். "நீங்க கடை போட்டப்ப எவனாச்சும் செத்தானா பெரியவரே?" என்றார். மகளிடம் வந்து, உள்ளே போக வேண்டாம் என்றேன். "எதுக்கெடுத்தாலும் பயம்ப்பா ஒனக்கு. இதோ போயிட்டு வந்துடறேன்" என்று மகள் கைக்குழந்தையோடு உள்ளே போனாள். அவள் திரும்பி வரும்வரை சந்து முனையில் எக்கி எக்கிப் பார்த்துக்கொண்டு நின்றேன். திரையில் மேடம் அவளுக்கு மட்டும் மஞ்சள் பூசியிருந்தார். இங்கே எல்லாமே கறுப்புத் தலைகள்.