சொந்த இடம்

வன்னியில் ஒரு புது ஆளைக் கண்டால், பெயருக்கு அடுத்தபடியாகக் கேட்பது ஊரைத்தான். நான் அந்த ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்த எங்கள் வார்டின் பெரிய டொக்டர் என்னையும் கேட்டார்.

"பிள்ளை எவ்விடம்?"

"ஜெயபுரம், சேர்."

"அது இருக்கிற இடம். சொந்த இடம்?"

என் அப்பாவும் அம்மாவும் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர்கள். கலவரத்தில் லயத்து வீடு எரிந்தபின் உடுத்த துணியோடு வன்னிக்கு வந்து, காடு வெட்டிக் குடியேறி, அக்கராயன் வயல்களில் கூலிக்குக் களை பிடுங்கி என்னைப் படிக்க வைத்தவர்கள். மருத்துவம் படித்த காலத்தில் என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்ட தோழி, இந்தக் கதை தெரிந்த மறுவாரமே வேறு அறைக்கு மாறிப்போனாள். அதன்பிறகுதான் நான் யாழ்ப்பாணத்தவர் மாதிரிக் கதைக்கப் பழகினேன்.

"அப்பா ஆக்கள் கோண்டாவில்" என்று யாழ்ப்பாணத்து ஊரொன்றைச் சொல்லி, வாய் கூசாமல் பொய் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. "அப்ப எங்கட பக்கம்தான்" என்று எனக்கும் ஒரு பிளேன்டீ சொன்னார்.

அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சுலபம். மற்றவர்கள் மாற்றல் எடுத்துக்கொண்டு ஓடிய காலத்திலும் நின்று வேலை செய்த மனிதர். கிளினிக்கில் கடைசி நோயாளி போகும்வரை சாப்பிடமாட்டார். எங்கள் ஆட்கள் யாராவது கட்டிலில் படுத்திருந்தால் மட்டும் அவர் பேச்சு மாறிவிடும்.

ஒரு நாள் காலை வார்டைச் சுற்றிவந்தபோது, காய்ச்சலோடு வந்திருந்த ஒரு வயற்கூலி அம்மாவின் கட்டிலருகே நின்றார்.

"இப்ப சுகம்தானே?"

"ஆமாங்க."

"நோவு ஒண்டும் இல்லையே?"

"இல்லீங்க ஐயா."

அவர் என் பக்கம் திரும்பினார். "தோட்டக்காட்டு ஆக்கள் இப்பிடித்தான். வேலைக்குக் கள்ளத்தில வந்து படுக்கிறது. பின்னேரம் ரிக்கற் வெட்டி வீட்டை அனுப்பும்." அந்த அம்மாவின் காதுபடவே சொன்னார்.

"ஓம் சேர்" என்றேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

ஆனால் அந்த அம்மா சொன்னதை நம்ப முடியவில்லை. டொக்டர் எதைக் கேட்டாலும் தலையாட்டிவிடுவது எங்கள் வீட்டுப் பழக்கம். தோட்டத்து மருந்தறையில் உடம்புக்கு வருத்தம் என்று சொன்னவர்களுக்கெல்லாம் வேலைக்கள்ளர் என்ற பட்டம் கிடைத்த காலத்திலிருந்து வந்த பயம் அது. என் அம்மாவும் அப்படித் தலையாட்டி, ஒருமுறை நிமோனியாவோடு வீடு திரும்பியவர்தான்.

மதியம் கட்டிலைச் சுற்றித் திரைச்சீலையை இழுத்துவிட்டு, குனிந்து, வீட்டில் பேசுகிற தமிழில் மெதுவாகக் கேட்டேன். "மறைக்காம சொல்லுங்கம்மா. எங்க வலிக்குது?"

அந்த அம்மா என்னை விழித்துப் பார்த்தார். பிறகு அழுதார். "கெண்டைக்கால தொட முடியலைங்க. நேத்துல இருந்து ஒண்ணுக்கே போகல. ஆம்பள டாக்டருகிட்ட இத எப்புடிங்க சொல்றது?"

கண்கள் சிவந்திருந்தன. வயல் தண்ணீரில் நின்று வேலை செய்பவர்களுக்கு வருகிற எலிக்காய்ச்சல், சிறுநீரகம்வரை போயிருந்தது. வீட்டுக்கு அனுப்பியிருந்தால் உயிர் தப்பியிருக்காது.

ஓடிப்போய்ப் பெரிய டொக்டரிடம் சொன்னேன். உடனே வந்து பார்த்தார், மருந்து ஏற்றச் சொன்னார். அடுத்த நாட்களிலும் அந்தக் கட்டிலுக்கு ஓயாமல் வந்துபோனார். ஆபத்துக் கடந்த அன்று, "கெட்டிக்காரி. எப்பிடிப் பிடிச்சனீர்?" என்றார்.

"கேட்டனான், சேர்." மிச்சத்தை மறுபடியும் விழுங்கிக்கொண்டேன்.

வீட்டுக்குப் போகிற நாள் அந்த அம்மா என் கையைப் பிடித்து அருகே இழுத்தார். பெரிய டொக்டர் பக்கத்துக் கட்டிலருகே நின்று எழுதிக்கொண்டிருந்தார். அவருக்குக் கேட்காதபடி அந்த அம்மா என் காதோடு சொன்னார்: "பயப்படாதீங்க. நீங்க நம்ம புள்ளைன்னு நான் ஒருத்தருகிட்டயும் சொல்லலைங்க. சொல்லவும் மாட்டேன்."

உயிருக்குப் போராடிக்கொண்டு கிடந்த நேரத்திலும் என் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டு இருந்திருக்கிறார்.

"சொல்லுங்கம்மா" என்றேன், வார்ட் முழுக்கக் கேட்கும்படி. "எங்கம்மா தோட்டத்துல கொழுந்து எடுத்தவங்க. எல்லாருகிட்டயும் சொல்லுங்க."

பெரிய டொக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். இந்தத் தடவை அவர் ஊர் கேட்கவில்லை.