செபா பூட்டிய கியர்பொக்ஸில் பிழை இருக்கவில்லை

செபஸ்டியன் போய்விட்டான்.

இன்று காலை வேலைக்குக் கிளம்பும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தானாம்... அவ்வளவுதான். நாற்பத்தொரு வயது.

நிவித்திகல பக்கம் ஒரு தோட்டத்துத் தேயிலை ஃபெக்டரியில் ஃபிட்டர். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் என் டயர் கடைக்கு வந்து, என் ட்ரேக் ரேஸ் காருக்கு அடியில் படுத்துவிடுவான். என் ரேஸ் போட்டோக்களுக்கு லைக் போட்ட பலருக்கு அவனைத் தெரியாது.

என்னைவிட ஒரு வயது மூத்தவன். ஆனாலும் முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுவதுபோல என்னை நானா என்றுதான் கூப்பிடுவான்.

முதல் தடவை வந்தபோது எஞ்சின் கத்தியது, கார் இழுக்கவில்லை. அவன் பொனட்டைக்கூடத் திறக்கவில்லை. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, நாலாம் கியரில் போட்டு, கிளட்சை மெதுவாக விட்டான். எஞ்சின் அணைந்திருக்க வேண்டும். அணையவில்லை.

"தேஞ்சிருச்சு நானா. பிளேட்டு பிடிக்காம வழுக்குது."

கியர்பொக்ஸை இறக்கி, ரேஸுக்கான கடினமான கிளட்ச் ஒன்றைப் பூட்டினான். பெடலை மிதிக்கவே கால் வலிக்கும். கார் பறந்தது.

சில மாதங்கள் கழித்து ஒரு போட்டியில் மூன்றாம் கியர் விழவில்லை. கரகரவென்று சத்தம்... பக்கத்துக் கார் போய்விட்டது.

இறங்கி வந்து, எல்லோர் முன்னாலும் கத்தினேன். "கியர்பொக்ஸ் பூட்டத் தெரியாதவன நம்பி வந்தேனே! தேயில மெஷின் பாக்கிறவன்ட்ட ரேஸ் காரக் குடுத்தது என்ட பிழை!"

"கியர்பொக்ஸ் நல்லா இருக்குங்க நானா. கிளட்ச் முழுசா வெலகல. ஏன்னு பாக்கணும், ஒரு நாள் குடுங்க."

கொடுக்கவில்லை. அவன் கையைத் துடைத்துக்கொண்டு பஸ் ஏறிப் போய்விட்டான்.

வேறு ஒரு கராஜில் கியர்பொக்ஸையே மாற்றினேன். அடுத்த போட்டியிலும் அதே மூன்றாம் கியர். கோபத்தில் பலவந்தமாகத் தள்ளினேன், உள்ளே பல் உடைந்தது. கார் லொறியில்தான் ஊருக்கு வந்தது.

வேறு வழியில்லாமல் அவன் குடியிருந்த தோட்டத்து லயத்துக்குப் போனேன். ஒன்றும் கேட்காமல் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தான்.

என்னைப் பெடலை மிதிக்கச் சொல்லிவிட்டு, டோர்ச்சோடு டேஷ்போர்ட்டுக்குக் கீழே தலையை விட்டான். "மெதுவா மிதிங்க... இன்னும்... நிப்பாட்டுங்க."

பெடல் பூட்டியிருந்த தகட்டில் முடி அளவு வெடிப்பு. கடினமான கிளட்ச் என்பதால், மிதிக்கும்போதெல்லாம் தகடே வளைந்தது. பாதி மிதி அதிலேயே போனது. கிளட்ச் எப்படி விலகும்?

வெடிப்புக்கு மேல் தகடு வைத்து வெல்டிங் அடித்தான். வேறு கியர்பொக்ஸ் ஏற்றினான். மூன்றாம் கியர் சத்தமில்லாமல் விழுந்தது.

"மன்னிச்சிக்கோ செபா" என்றேன். கடைக்குப் பின்னால் நாங்கள் இருவர் மட்டும்தான்.

"பரவால்லீங்க. ஆனா இனிமே ரேஸ் ட்ரெக்குக்கு நான் வரல நானா."

"ஏன்?"

"அத அத்தன பேரு முன்னுக்கு சொன்னீங்க. இத தனியா சொல்றீங்க."

அதற்குப் பிறகு அவன் ட்ரெக் பக்கம் வரவே இல்லை. அந்தக் காரில்தான் நான் ஜெயித்தேன். யார் கைவேலை என்று கேட்டவர்களிடம் சிரித்து மழுப்பினேன்.

அன்று அங்கே நின்ற பலர் இதை வாசிப்பீர்கள். அவன் பூட்டியதில் பிழை இருக்கவில்லை. பிழை என் வாயில்.

நாளை கார்களை வரிசையாகக் கொண்டுபோய், எஞ்சினை முறுக்கி அவனை வழியனுப்பலாமா என்று நம் ரேஸ் பொடியன்கள் கேட்டார்கள். அவன் மனைவி மேரியிடம் போனில் கேட்டேன்.

"வேணாங்க நானா. சத்தம் வேணாம். நடந்து வாங்க."

மூன்று மணிக்குத் தோட்டத்துச் சர்ச். கார்களைச் சந்தியில் விட்டுவிடுங்கள்.

மழையாக இருக்கிறது, ஏற்றம் வேறு... மெதுவாக ஏறி வருகிறேன், செபா.