குரங்கணி ரேடியோவின் முள்

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத நான் தொட்டுச் சரியாகாத ரேடியோ போடியில் கிடையாது. டிப்ளமோ முடித்த தம்பிகளிடம் வால்வைக் காட்டினால் பல்பா என்று கேட்கிறார்கள். அவர்களும் பிழைக்க வேண்டுமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

போன வருடம் குரங்கணி ஏலத்தோட்டக்காரர் தங்கராசு ஜீப்பிலிருந்து ஒரு ரேடியோவை இறக்கினார். இடுப்பு உயர மரப்பெட்டி. பேட்டரியில் மட்டும் ஓடும் ரகம். அப்பாவின் சொத்து. அப்பா போனபின் அவரும் ராசிங்காபுரத்து அண்ணன் பெருமாளும் தோட்டத்து எல்லைக்குக் கேஸ் போட்டுப் பேச்சை நிறுத்திவிட்டார்கள். ரேடியோவை அளந்து பிரிக்க சர்வேயர் கிடைக்கவில்லை போலிருக்கிறது. ஆளுக்கு ஒரு வருடம் என்று ஏற்பாடு. அதைக் கைமாற்றுகிற அன்று மட்டும்தான் இருவரும் முகம் பார்ப்பார்கள்.

"மாமா, செட்டு ஊமையாக் கெடக்கு. ஞாயித்துக்கெழம அண்ணன் தூக்கிட்டுப் போவாரு. பேச வச்சுக் குடுத்தா அசந்துருவாரு. வெரசா பாருங்க."

இதற்கான தொண்ணூறு வோல்ட் பேட்டரி இப்போது வருவதில்லை. இன்டர்நெட்டில் தேடுகிறவர்கள் தேடட்டும். நான் ஒன்பது வோல்ட் பேட்டரி பத்தை வரிசையாக மாட்டினேன். கண்டன்சர்களை மாற்றி, டயல் கண்ணாடியைத் துடைத்து, முள்ளை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓட்டினேன். தமிழ் பாடியது, மலையாளம் பேசியது. கடைவாசலில் கூட்டம்.

ஞாயிற்றுக்கிழமை பாராட்டு வாங்க நானே குரங்கணிக்குப் போனேன். பெருமாள் வந்தார். பாட்டுக்குக் காது கொடுக்கவில்லை. குனிந்து டயலைப் பார்த்தார்.

"முள்ள யார்ரா திருகுனது?"

தங்கராசு முகம் வெளுத்து என்னைப் பார்த்தார்.

"செத்த செட்டுன்னு தெரிஞ்சும் அப்பா தெனமும் திருகுவாரு. கடைசியா அவரு வச்ச எடம்டா அது. எட்டு வருசமா நீயும் தொடல, நானும் தொடல."

"பாட்டு நல்லாக் கேக்குதுண்ணே..."

"பாட்டு எஞ்செல்லுலயே கெடக்கு. செட்ட நீயே வச்சுக்க. இனி இந்தப் படி மிதிக்க மாட்டேன்."

முள் எங்கே நின்றது என்று எனக்குச் சத்தியமாக நினைவில்லை. எத்தனையோ செட்டைப் பிழைக்க வைத்தவன், ஒரு குடும்பத்தைப் பிரித்தவன் ஆகப் பார்த்தேன்.

"மாப்ளே, டார்ச்சு கொண்டா" என்றேன்.

இரண்டு வீட்டிலும் பெட்டி ஜன்னலோரம்தான். வெயிலில் டயல் தாள் முழுக்க வெளுத்திருந்தது. முள் மறைத்த இடம் மட்டும் வெளுக்காமல் மயிரிழைக் கோடாகத் தெரிந்தது. குமிழை மெல்லத் திருகி முள்ளை அதன்மேல் நிறுத்தினேன். ஸ்டேஷன் எதுவுமில்லை. வெறும் கொர்ர்ர்.

"இதான்டா" என்றார் பெருமாள். "சத்தமே வராத செட்டுல அப்பா வச்சது. வேற எப்படி இருக்கும்?"

நான் பத்து பேட்டரி மாட்டி வரவழைத்த கச்சேரியை விட்டுவிட்டு, இருவரும் அந்த இரைச்சலைக் காபி ஆறும்வரை நின்று கேட்டார்கள். கேஸைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

"அடுத்த வருசம் நானே கொண்டாந்து எறக்குறேன்டா" என்று சொல்லி, பெட்டியை ஏற்றி ஜீப்பில் ஏறிய பெருமாள், முள் நகராதபடி குமிழைக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். டிரைவரிடம், "மெல்லப் போப்பா" என்றார்.

தம்பிகளே, செட்டைத் தொடுமுன் முள் நிற்கிற இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு நான் விட்ட பென்சில், இப்போது என் மேசையில் ஸ்க்ரூ டிரைவருக்கு முன்னால் இருக்கிறது.