நேர்முகத்துக்குப் போன உளுந்து வடை

போன செவ்வாய்க்கிழமை ஒரு பேராசிரியரின் அறை வாசலில் எனக்கு வியர்த்துக் கொட்டியது. மெல்பேர்ன் குளிரில்! காரணம் – உளுந்து வடை.

யோகேஸ்வரியை – எங்களுக்கு யோகா – உங்களுக்குத் தெரியாது. யாழ்ப்பாணத்துக்காரி, என்னைவிட நாலைந்து வயது இளையவள். பகலில் மெல்பேர்ன் புறநகரான டண்டினொங்கில் பிஸ்கட் ஃபாக்டரி வேலை. மாலையில், நான் இரசாயனம் படிப்பிக்கும் டெக்னிக்கல் காலேஜில் படிப்பு.

எங்களிடம் நன்றாகப் படித்தவர்களைப் பல்கலைக்கழகம் விஞ்ஞானப் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டிலேயே சேர்த்துக்கொள்ளும். ஆனால் நேர்முகம் உண்டு. அங்கேதான் நம்மவர்கள் கவிழ்ந்துவிடுகிறார்கள். மார்க் இருக்கும், வாய் இருக்காது. 'நான் கெட்டிக்காரி' என்று சொல்ல நம்மை எந்த வீட்டில் பழக்கினார்கள்?

இந்த முறை கிடைக்காவிட்டால் படிப்பை விட்டுவிடுவதாக யோகா சொல்லியிருந்தாள். அப்புறம் முழுநேரமும் ஃபாக்டரிதான். அதனால் நிமிர்ந்து பார், முழு வாக்கியத்தில் பேசு என்று வாரக்கணக்கில் அவளைப் பழக்கினேன். கையில் என்ன கொண்டுபோகக் கூடாது என்று சொல்லத் தோன்றவில்லை.

வாசலில் பார்த்தால், அவள் கையில் சாப்பாட்டுப் பெட்டி. உள்ளே பேராசிரியருக்கென்று சுடச்சுட வடை! லஞ்சம் என்று அவர் நினைத்தால் என்ன செய்வது என்று பல்லைக் கடித்தேன்.

“வெறுங்கையோட எப்பிடி, டீச்சர், ஒருத்தரிட்டப் போறது?”

பெட்டியைப் பறிப்பதற்குள் கதவு திறந்துவிட்டது. பேராசிரியர் என்னையும் உள்ளே அழைத்தார்.

நீங்களாகவே செய்த பரிசோதனை ஒன்றைச் சொல்லுங்கள் என்றார். யோகா தரையைப் பார்த்தாள்... பார்த்துக்கொண்டே இருந்தாள். எனக்கு அழுகை வரப் பார்த்தது.

அவர் நல்ல மனிதர். பெட்டியில் என்ன வாசனை என்று கேட்டு ஒரு வடையை எடுத்துக் கடித்தார். உள்ளே எப்படி இவ்வளவு மெத்தென்று இருக்கிறது என்றார்.

அவ்வளவுதான்... யோகா நிமிர்ந்தாள். பிளெண்டரில் அரைத்தால் மா சூடாகி வடை கல்லாகிவிடுகிறது. சூடுதான் காரணமா என்று பார்க்க, ஒரே உளுந்தில் பாதியை ஐஸ் தண்ணீர் விட்டும் மீதியைச் சாதாரணத் தண்ணீர் விட்டும் அரைத்தாளாம். பிறகு தண்ணீரின் அளவை மட்டும் மாற்றினாள். பிறகு அரைக்கும் நேரத்தை மட்டும். துளி மாவைத் தண்ணீரில் போட்டு, மிதந்தால் காற்று போதும், தாழ்ந்தால் இன்னும் அடிக்க வேண்டும்... சரிவராத வடைகள்? கணவர் சிவம் சாப்பிட்டார்.

“இதைத்தானே நான் கேட்டேன்” என்று பேராசிரியர் சிரித்தார்.

குசினியில் செய்தால் அது பரிசோதனை இல்லை என்று நமக்கு யார் சொல்லிவைத்தார்கள்?

நேற்று போன் வந்தது. இரண்டாம் ஆண்டில் இடம்! ஸ்டாஃப் ரூமில் சின்னப்பிள்ளை மாதிரிக் குதித்தேன். மாலையே அவர்கள் வீட்டுக்குப் போய் – வெறுங்கையோடு இல்லை, கேக்கோடு – சிவத்திடம் முழுக்கதையும் சொன்னேன்.

மனுஷன் கையிலிருந்த கேக் துண்டைக் கீழே வைத்தார்.

“அப்ப, நான் கல்லுக் கல்லாத் திண்டதெல்லாம் விஞ்ஞானமோ?”